கடைசிப் பக்கம்

இந்த நாற்காலி எனக்குச் சரிப்படாது, இன்ஸ்பெக்டர் ஐயா. ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல உட்கார்ந்தால் கால் குடைய ஆரம்பித்துவிடும். சுவரோரமாக நடந்துகொண்டே சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் இரண்டு எழுத்தாளர்கள். ஒருவர் என் கணவர். இன்னொருவன் மாடியில் குடியிருந்த என் தம்பி. விண்கலம், வேற்றுக்கிரகம், இயந்திர மனிதன் என்று எதையாவது பேசாவிட்டால் இருவருக்கும் தூக்கம் வராது. நான் தட்டச்சு வேலை பார்த்தவள். நாற்பது வருஷமாக இருவர் கதைகளையும் நான்தான் அடித்துக் கொடுத்தேன்.

இருவருக்கும் ஒரே வியாதி. கதையைக் கிளப்பத் தெரியும், இறக்கத் தெரியாது. “நீயே எதையாவது ஒப்பேத்திக் குடு, நேரமாச்சு” என்பார் அவர். “அக்கா, முடிவை மட்டும் கொஞ்சம் பாத்துக்க” என்பான் தம்பி. பார்த்துக்கொண்டேன். பெயர் வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வாசகர் வட்டம் எங்கள் முன்னறையில் கூடும். பேச்சு ஒன்றுதான்: இன்றைக்கு உயிரோடு இருப்பவர்களில் தலைசிறந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் யார்? தனக்காகத் தானே பேசக் கூடாது என்பது வட்டத்தின் வழக்கம். அதனால் அவர் தம்பிக்காகவும், தம்பி அவருக்காகவும் வாதாட வேண்டும். புகழ்கிற சாக்கில் ஊசி ஏற்றுவார்கள். இந்த முறை வட்டம் யாரைச் சொல்கிறதோ அவர் படத்தை அட்டையில் போடுவதாக ஒரு பத்திரிகை சொல்லிவிட்டது. ஒரு மாதமாக இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த ஞாயிறன்று தம்பி எழுந்தான். “அத்தானோட நடை கட்டை வண்டிதான். ஆனா அந்தக் கடைசிப் பக்கம் இருக்கே! விண்கலத்துல மிஞ்சின ஒரே ஆள் பூமிக்குக் கூப்பிட்டு, ‘மணி என்ன’ன்னு மட்டும் கேட்டுட்டு வெச்சிடுவான். அதை எழுத இன்னொருத்தன் பொறந்து வரணும்.”

அவர் விடுவாரா? “மச்சான் முக்கால் கதைய வளவளன்னு இழுப்பான். ஆனா எஜமான் செத்ததும் அந்த இயந்திரம் அவர் சட்டைய மடிச்சு வெச்சிட்டு, தன்னைத்தானே நிறுத்திக்கும் பாருங்க, அந்த முடிவுக்கு முன்னாடி நான் தோத்துட்டேன்.”

கைதட்டல். டீத் தட்டோடு நின்ற நான் கேட்டேன்: “அப்போ ரெண்டு பேரையும்விடப் பெரிய ஆளு நான்தானே?”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சிரிப்பு. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாருக்குப் புரையேறிவிட்டது. தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. “இவ அடிக்கிற ஜோக்குக்கும் ஒரு பரிசு வெக்கணும்பா. போம்மா, டீ ஆறுது” என்றார் அவர்.

நான் கோபப்படவில்லை. உள்ளே போய் டம்ளர்களைக் கழுவினேன். கழுவியதையே மறுபடி கழுவினேன். ஓட்டெடுப்பு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது. ஒருவர் ஜெயித்தால் இன்னொருவர் உடைந்துபோவார், குடும்பம் இரண்டாகிவிடும். நான் யோசித்தது அவ்வளவுதான்.

கூட்டம் கலைந்ததும் இருவரையும் உட்காரவைத்தேன். “சண்டை போதும். என் கையால ஆளுக்கொரு டீ குடிச்சு ராசியாப் போங்க.” அவருடைய இதய மாத்திரைகளைப் பொடித்துக் கலந்திருந்தேன். சர்க்கரையும் தாராளமாகப் போட்டிருந்தேன்.

“கசக்குதே அக்கா” என்றான் தம்பி.

“புதுத் தூள்டா” என்றேன். குடித்துவிட்டான். என்னை நம்பாமல் வேறு யாரை நம்புவான்?

நீங்கள் வந்து பார்த்துவிட்டு, பொறாமையில் அவர்தான் மச்சானுக்குக் கொடுத்துத் தானும் குடித்துவிட்டார் என்று எழுதினீர்கள். நானும் அழுதேன், நிஜமாகவே அழுதேன். அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் மூன்று வாரமாக இருந்தேன்.

நேற்று வட்டத்தில் இரங்கல் கூட்டம். கணக்கு வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “செஞ்சது தப்புதான். ஆனா அவர் யோசிச்ச முடிவுகள்லயே இதுதான்யா பெரிசு.” எல்லோரும் தலையாட்டினார்கள்.

இரவெல்லாம் கூடத்தில் நடந்தேன். விடிந்ததும் நேராக இங்கே வந்துவிட்டேன். பெயருக்காக இல்லை. அந்தக் காகிதத்தை இப்படித் தள்ளுங்கள். மேலே என் பெயரைப் பெரிதாக எழுத வேண்டும். அவர் பெயர் உள்ளே எங்காவது வந்தால் போதும்.