ஜூன் ஒண்ணு பொண்ணுங்க

மூணு வாட்டி மாத்திக் குடுத்துட்டேன் ஆன்ட்டி, இதுக்கு மேல ஒரு எழுத்து கூட மாத்த மாட்டேன், வேற கடையப் பாத்துக்கோங்க. இதானே சொன்னே? இன்னொரு வாட்டி சொல்லு பாக்கலாம், என் மூஞ்சப் பாத்து. மூணு வாட்டி மாத்தினது யாரு தப்பும்மா? ஒரு ஃப்ளெக்ஸு. மொத வாட்டி பர்த்டேல ஹெச்ச முழுங்கிட்டே. ரெண்டாவது வாட்டி ஹெச்சு வந்துச்சி, ஒய்யக் காணோம். மூணாவது வாட்டி ரெண்டும் வந்துடுச்சி, அபிதகுசாம்பாள் பாதியில நிக்கிறா. அபிதகுசா. இடம் பத்தலன்னா எழுத்த சின்னதாக்கு, ஆள எதுக்கு வெட்டறே?

ஆன்ட்டி வேற. உனக்கும் எனக்கும் பத்து வயசு வித்தியாசம் இருக்குமா? சரி, பதினஞ்சு.

அத வுடு. அதுக்கப்புறம் ஒண்ணு சொன்னியே, பதினோரு பேருக்கும் எப்பிடி ஒரே பொறந்த நாளு வரும், தேதிய சரியா பாத்து எழுதிகினு வாங்கன்னு. ஏம்மா லாவண்யா, நான் கான்வென்ட்ல படிச்சவ. ஊர்ல எல்லாரு தப்பையும் நான் தான் திருத்திகினு இருக்கேன். என் வூட்டுக்காரர் கையெழுத்தக் கூட திருத்தியிருக்கேன். தேதி சரிதான். ஜூன் ஒண்ணு. பதினோரு பேருக்கும் அதான், வருஷமும் ஒண்ணு தான். வேணும்னா ஆதார் கார்டக் கொண்டாந்து காட்டச் சொல்றேன்.

ஐய, ஒரே வயித்துல இல்லம்மா. மொதல்ல அந்த மவுஸ வுடு, சொல்றேன்.

எங்க கான்வென்ட் இந்த ஊர்ல தொறந்த அன்னிக்கி எல்கேஜிக்கு வந்தது பன்னெண்டு பொண்ணுங்க. தறிக்காரங்க வூட்டுப் பொண்ணுங்க, பட்டுக்கட முதலாளி பொண்ணு ரேணுகாதேவி, சந்தவாசல்லேர்ந்து பஸ்ல வர்ற முனியம்மா, இப்பிடி. கொழந்த என்னிக்கி பொறந்துச்சின்னு சிஸ்டர் கேக்கறாங்க. ஒரு அம்மா, ஆடிக்கிருத்திகைக்கு மறுநாளுன்றாங்க. இன்னொருத்தங்க, பெரிய மழ பேஞ்சி தறிக்குழிக்குள்ள தண்ணி பூந்துச்சே, அன்னிக்கின்றாங்க. முனியம்மாவோட அம்மா ரொம்ப நேரம் யோசிச்சி, எங்க பசு கன்னு போட்ட வாரம் சிஸ்டர்னாங்க. சிஸ்டர் கேரளாக்காரங்க. எந்த ஆடி, எந்த மழ, யாரு பசுவு, அவங்களுக்கு என்ன தெரியும்? அன்னிக்கி தேதி ஜூன் ஒண்ணு. வருஷத்த மட்டும் கொறச்சி அதையே எழுதிட்டாங்க. வரிசையா, பதினோரு பேருக்கும். வேல ஜல்தியா முடிஞ்சிது.

பன்னெண்டாவதா? பன்னெண்டாவது நானு. எங்கப்பா மிஷன் ஸ்கூல் வாத்தியாரு. கோயில்ல குடுத்த ஞானஸ்நான சர்ட்டிபிகேட்ட ஃபைல்ல போட்டு எடுத்துகினு வந்து நீட்டிட்டாரு. நவம்பர் பத்தொம்போது. எங்க கிளாஸ்லயே ஒழுங்கா பொறந்தவ நான் ஒருத்தி தான்.

அதுக்கப்புறம் கேளு கூத்த. பொறந்த நாள் அன்னிக்கி மட்டும் கலர் டிரெஸ் போட்டுக்கலாம், அது ரூலு. அப்போல்லாம் ஸ்கூல் தொறக்கறதே ஜூன் ஒண்ணு தான், ஞாயித்துக்கெழமயா வந்தா மறுநாளு. வருஷா வருஷம் மொத நாளே பதினோரு பேரு கலர் கலரா வந்து நிப்பாளுங்க. அசெம்பிளில பேரு படிக்கறதுக்குள்ள சிஸ்டருக்கு மூச்சு வாங்கும். ஸ்கூலே கை தட்டும். நடுவுல நான் ஒருத்தி, கஞ்சி போட்ட யூனிஃபார்ம்ல, பஸ் கண்டக்டர் மாதிரி. பதினோரு பேரும் சாக்லேட்ட என்கிட்ட தான் நீட்டுவாளுங்க. வயித்துவலி வர்ற வரைக்கும் தின்னுவேன்.

என் பொறந்த நாளா? நவம்பர் பத்தொம்போதுக்கு நம்ம ஊர்ல என்ன இருக்கும்? மழ. பதினாலு வருஷத்துல ஏழு வருஷம் லீவு வுட்டுட்டாங்க. மிச்ச ஏழு வருஷம் கலர் டிரெஸ்ஸு நனஞ்சி கால்ல ஒட்டிகினு, மிட்டாய் டப்பாவ கொடைக்குள்ள அணச்சிகினு, ஒண்டியா போய் நிப்பேன். கிளாஸ்ல பாதி பேரு வந்திருக்க மாட்டாளுங்க.

அஞ்சாங்கிளாஸ்ல என்னாச்சி, ரேணுகாவோட அப்பா கடையில மூணு பொடவ ராங்கா வந்துடுச்சி. பார்டர் ஒரு பக்கம் பெருசு, ஒரு பக்கம் சிறுசு. விக்க முடியாதில்ல? வெட்டி, பதினோரு பேருக்கும் பாவாட தெச்சிக் குடுத்துட்டாரு. மாம்பழ மஞ்சளு, அரக்கு பார்டரு. இன்னிக்கி நெனச்சாலும் கண்ணு கூசும். மிச்சத் துணியில எனக்கு ஒரு ரிப்பன். அத கட்டிகினு போனா சிஸ்டர் அவுத்துடுன்னுட்டாங்க. உனக்கு நவம்பர்ல தானே சோபியா, அப்போ கட்டிக்கோ. நவம்பர்ல புயலு.

சிரி, சிரி. இன்னும் கேளு. பத்தாங்கிளாஸ் பரீட்சைக்கு வெளியூர் சாரு ஒருத்தரு வந்தாரு. ஹால் டிக்கெட்ட ஒவ்வொண்ணா பாத்துகினே வர்றாரு, மூஞ்சி மாறிகினே வருது. இன்னாம்மா இது, எல்லாம் ஒரே தேதின்றாரு. முனியம்மா எழுந்து நின்னு, நாங்க பதினோரு பேரும் ஒரே பிரசவம் சார்னா. அந்த மனுஷன் என் ஹால் டிக்கெட்டப் பாத்துட்டு, நீ மட்டும் ஏம்மா லேட்டுன்னாரு.

அப்புறம் ப்ளஸ் டூ ஃபேர்வெல்லு. சிஸ்டர் மைக்க என் கையில குடுத்து, உனக்கு தான் இங்கிலீஷ் நல்லா வருது சோபியா, ஜூன் ஒண்ணு பொண்ணுங்கள மேடைக்குக் கூப்புடுன்னாங்க. கூப்புட்டேன். ஒரு உச்சரிப்பு தப்பில்ல. பதினோரு பேரும் கையக் கோத்துகினு நின்னாளுங்க, ஃபோட்டோ புடிச்சாங்க. நீ ஸ்கேன் பண்ணி நடுவுல வெச்சிருக்கியே, அதே ஃபோட்டோ தான். அதுல வலது ஓரத்துல ஒரு கை இருந்துச்சி, மைக்கு, ரெண்டு கண்ணாடி வளையலு. மொத ப்ரூஃப்ல இருந்துச்சி. ரெண்டாவதுல இல்ல. கேட்டா, ஏதோ கை குறுக்க வந்துச்சி, க்ளீன் பண்ணிட்டேன் ஆன்ட்டின்ற.

பரவாயில்ல, உனக்கென்ன தெரியும்.

இந்த ஜூன் ஒண்ணுக்கு அவளுங்களுக்கு அம்பது. ரேணுகா வூட்டு ஹால்ல கேக்கு, பிரியாணி, எல்லாருக்கும் ஒரே மாதிரி பொடவ. இந்த வாட்டி நேரான பார்டரு. பதினோரு பொடவ தான். ரேணுகா தான் எனக்கு ஃபோன் பண்ணி, சோபியா, ஃப்ளெக்ஸ நீ பாத்துக்கோடி, உன் கண்ணுல தான் ஒரு தப்பும் தப்பாதுன்னா. சரின்னேன்.

கோவமா? எனக்கா? சேச்சே. கெட்டவளுங்க இல்லம்மா, யாருக்கும் தோணல, அவ்ளோ தான். போன நவம்பர்ல கூட வாட்சப்ல எல்லாரும் கேக்கு பொம்ம போட்டாளுங்க. அபிதா மட்டும் கண்ணாடி இல்லாம ஆழ்ந்த இரங்கல்னு போட்டுட்டு, அப்புறம் அழிச்சா.

வாயத் தொறந்து கேக்கறதா? நல்லா சொன்னே. அம்பது வருஷமா அடுத்தவளோட தப்ப எல்லாம் புட்டுப் புட்டு வெச்சிட்டு, அந்தத் தேதி இல்லாத என்னையும் சேத்துக்கோங்கடின்னு எந்த மூஞ்ச வெச்சிகினு போய் கேக்கறது? அப்பிடி வேற எவளாவது கேட்டிருந்தா மொத ஆளா சிரிச்சிருப்பேனே நானு.

சரி, அபிதாவ முழுசா போட்டியா? ம். ஒய் இருக்குதா? இருக்குது. இரு, இரு, பிரிண்டுக்குத் தள்ளாத.

இந்தா. என் ஃபோட்டோ, பர்ஸுல தான் வெச்சிகினு சுத்தறேன் மூணு நாளா. நேத்து இல்ல, முந்தாநேத்து எடுத்தது. முனியம்மா ஃபோட்டோ பக்கத்துல ரோஜாப்பூ ஒண்ணு போட்டிருக்கே பாரு, அத எடுத்துட்டா இடம் வரும். பேரு கூட வேணாம். யாராவது கேட்டா நீ தான் எண்ணத் தெரியாம சேத்துட்டேன்னு சொல்லு. நானும் எல்லாரு முன்னாடியும் உன்ன நாலு வார்த்த திட்டுவேன், கண்டுக்காத. ஒரே ஒரு தப்பும்மா லாவண்யா. போட்டுடறியா?