குடிக்காதவன் தள்ளாட்டம்

— ஊது.

— ஊதிட்டேன் மேரி.

— இன்னொரு தபா ஊது. நல்லா வாயத் தொறந்து.

— பொண்ணே அஞ்சாவது படிக்குது. என்னிய வாசப்படில நிக்கவெச்சி டிராபிக் போலீஸ் மாதிரி ஊதச் சொல்றியே. ஹா... போதுமா?

— வாயில ஒண்ணியும் வரல. ஆனா சட்டையெல்லாம் நாத்தம். பெயிண்ட் டப்பால வாழப்பழத்த ஊற வெச்ச மாதிரி.

— அதான் சொல்லிக்கினே கீறேன். அது சரக்கு இல்ல. பேனர் மிசின கழுவுற தண்ணி. சால்வெண்ட்டு.

— கதை உடாத பிரிட்டோ. உங்க ஓனரு ஷ்யாம்சுந்தர் சாரே போன் பண்ணிட்டாரு. "உங்க வீட்டுக்காரர் குடிச்சிட்டு வேலைக்கு வந்திருக்காரும்மா, மெஷின் மேலயே சாஞ்சிட்டாரு, வீட்டுக்கு அனுப்பிச்சிட்டேன்"னு. எவ்ளோ டீசண்டா சொல்றாரு அந்த மனுசன். எனக்கு மானமே போச்சு. மத்தியானமே அனுப்பிட்டாராம். இப்ப தெரு லைட்டே போட்டுட்டான். குரோம்பேட்டைலருந்து இரும்புலியூர் வர இவ்ளோ நேரமா?

— வழி மறந்துட்டேன்.

— இன்னாது?

— ஜி.எஸ்.டி ரோடு. நேரா வந்தா நம்ம வூடு. மெய்யாலுமே சொல்றேன் மேரி, வண்டி ஏறுனது தெரியும். அப்பால ஒண்ணியும் தெரியாது. பாத்தா குன்றத்தூர் மலை அடிவாரத்துல நிக்கிறேன். பூ விக்கிற அம்மா, "இன்னாப்பா, மாலை வேணுமா"ன்னு கேக்குது. எந்த சிக்னல்ல நின்னேன், யார் மேல இடிச்சேன், ஒண்ணும் ஞாபகம் இல்ல. அங்கியே படிக்கட்டுல குந்திக்கினு என் பேரச் சொல்லிப் பாத்தேன். வந்துச்சி. நம்ம பொண்ணு பேரச் சொல்லிப் பாத்தேன்...

— ம்?

— வரல. ரொம்ப நேரம் வரல மேரி.

— ஏசுவே.

— எனக்கு பயமா கீது.

— எனக்கு எவ்ளோ பயம்னு தெரியுமா உனக்கு? எங்கப்பனும் இதேதான் சொல்லும். ரயில்வே கேட்டாண்ட வுழுந்து கெடக்கும். தூக்கப் போனா, "வழி மறந்துட்டேம்மா"ன்னும். கடைசில ஒரு நாளு வூட்டுக்கே வரல. குடிக்காதவனா பாத்து கட்டி வெய்யுங்கன்னு எங்கம்மா கால்ல வுழுந்து அழுதுதான் உன்ன கட்டிக்கினேன்.

— நம்ம பொண்ணு மேல சத்தியமா நான்—

— அவள இழுக்காத. என்னாண்ட அத்தாட்சி கீது. சொன்னா கோவப்படாத.

— இன்னா அத்தாட்சி?

— போன மாசத்துலருந்து உன் கொழம்புல ஒரு பவுடர் கலக்குறேன்.

— இன்னா பவுடரு?

— பஸ்ல நோட்டீஸ் ஒட்டிருந்தான். குடிக்கிறவனுக்குத் தெரியாமயே குடிய நிறுத்தலாம்னு. இத சாப்டவன் குடிச்சா வாந்தி வரும்னு போன்ல ஒரு பொம்பள சொல்லிச்சி. நீ எத்தினி தபா வாந்தி எடுத்த? சொல்லு. குடிக்காத மனுசனுக்கு ஏன் வாந்தி வருது?

— அடிப்பாவி! நான் உன் கத்திரிக்கா கொழம்புதான் ஒத்துக்கலன்னு நெனச்சேன்டி. சொன்னா உன் மனசு கஷ்டப்படும்னு வாயமூடிக்கினு தின்னேன்.

— பேச்ச மாத்தாத.

— சரி. ஞாயித்துக்கெழம பூசைக்குப் போய்ட்டு வந்து ஆட்டுக்கால் கொழம்பு சாப்டமே. அன்னிக்கும் பவுடரு போட்டியா?

— போட்டேன்.

— வாந்தி எடுத்தனா?

— ஞாயித்துக்கெழம நாள் பூரா என் கண்ணு முன்னாடி கீற. எப்பிடி குடிப்ப?

— உன்ன ஜட்ஜா உக்கார வெச்சா ஊர்ல ஒருத்தனும் வெளிய வரமாட்டான். கொஞ்சம் கேளு மேரி. ஞாயித்துக்கெழம எனக்கு தலை நோவல. வேளாங்கண்ணி போனமே, அங்க நோவல. அந்த ரூமுக்குள்ள போனா ஏறுது, வெளிய காத்துல நின்னா எறங்குது. சரக்கு அடிச்சவனுக்கு காத்துபட்டா இன்னும்தான ஏறும்?

— இத்தினி வருசமா அதே ரூம்லதான வேலை செய்ற. இப்ப மட்டும் இன்னா வந்துச்சி?

— முன்னாடி ஜன்னல் இருந்துச்சி. பெரிய ஃபேனு ஒண்ணு நாத்தத்த இழுத்து வெளிய தள்ளும். ஆடி மாசம் சார் ஒரு வாஸ்துக்காரர இட்டாந்தாரு. அவரு திசைகாட்டிய வெச்சிப் பாத்துட்டு, தெக்குப் பக்கம் இவ்ளோ பெரிய ஓட்டை இருந்தா வர்ற காசெல்லாம் அது வழியா போய்டும்னாரு. மறுநாளே பலகை அடிச்சி மூடிட்டாங்க. ஃபேனும் போச்சு. அது மேல லட்சுமி படம், சீரியல் லைட்டு. காசு உள்ள நிக்குதோ இல்லியோ, நாத்தம் நிக்குது.

— சாரும் அதே கடைலதான கீறாரு?

— அவரு முன்னாடி கண்ணாடி ரூம்ல கீறாரு. நாத்தம் வந்தா கஸ்டமர் மூஞ்ச சுளிக்கிறாங்கன்னு எங்க ரூம் கதவ சாத்தச் சொல்வாரு. நாள் பூரா மிசினு, இங்க்கு, அந்த தண்ணி, நானு. நாலு பேரும் ஒரே டப்பாக்குள்ள.

— அவரு படிச்சவரு. தெரியாமயா செய்வாரு?

— முதல்ல அப்பிடித்தான் நானும் நெனச்சேன். ஜன்னல மூடுனப்புறம் கொஞ்ச நாள் என்ன டிசைன் பக்கம் உக்கார வெச்சிட்டு, மிசின ஞானையா அண்ணனாண்ட குடுத்தாங்களே, ஞாபகம் கீதா?

— குடிச்சிட்டு வந்து வேலைலருந்து தூக்குனாங்களே, அந்தாளா?

— அவரு சொட்டு தொட்டதில்ல மேரி. சபைல பிரசங்கம் பண்றவரு. கை நடுங்குதுன்னாரு, கால் பின்னுதுன்னாரு. நானே கிண்டல் பண்ணேன், "இன்னாண்ணா, காலைலயே அபிஷேகமா"ன்னு. சபைலயும் ஒதுக்கி வெச்சிட்டாங்களாம். போன வாரம் பல்லாவரத்துல டீ குடிக்கும்போது பாத்தேன். கிளாஸ ரெண்டு கையில புடிச்சிக்கினு, குனிஞ்சி, மாடு தண்ணி குடிக்கிற மாதிரி குடிக்கிறாரு. வேலைய வுட்டு எத்தினி மாசம் ஆவுது. இன்னும் சரியாவல.

— உன் கைய நீட்டு.

— வேணாம்.

— நீட்டுயா.

— ...பாத்துக்கோ.

— ஐயோ.

— நாளைலருந்து அந்த ரூமுக்குள்ள நான் போமாட்டேன் மேரி. மூட்டை தூக்குறேன். வாச்மேனா நிக்கிறேன். அங்க போமாட்டேன்.

— அவசரப்படாத. வேலை எங்கயும் போவல. நான் காப்பாத்தி வெச்சிகீறேன்.

— இன்னா காப்பாத்துன?

— நாளைக்கி கல்யாணத்துக்கு பேனர் கட்டணுமாம், ஆளு இல்லன்னு சார் பேஜார் ஆயிட்டாரு. உன் சீட்டுக்கு வேற எவனும் வந்துடக்கூடாதுன்னு நான்தான் ஆபேல அனுப்பி வெச்சேன்.

— எந்த ஆபேல?

— எனக்கு எத்தினி தம்பி கீறான்? அவன் தாம்பரத்துல ஜெராக்ஸ் கடைல கம்ப்யூட்டர் பாத்தவன்தான. நீ போதை தெளிஞ்சி நாலு நாள்ல போனா, சீட்ட வுட்டுட்டு வந்துடுவான்.

— மத்தியானத்துலருந்தா உள்ள கீறான்?

— ஏன் இப்பிடி கத்துற?

— போன் போடு மேரி. இப்பவே போடு.

— போடுறேன். நல்லா கேளு. தெனம் காலைல ஏர் ஃபோர்ஸ் ரோட்டுல ஓடுறவன், கல்யாணத்துக்கு பொண்ணு பாக்குற புள்ள. வாயில பாக்கு கூட போடமாட்டான். அவனே சொல்லட்டும் ரூமு எப்பிடி கீதுன்னு. ஸ்பீக்கர்ல போடுறேன்... அலோ, ஆபேலு?

— அக்கா! சொல்லுக்கா. சாப்டியா?

— இனிமேதான்டா. வேலை எப்பிடி கீது?

— சூப்பரா கீதுக்கா. ஏசி ஜில்லுனு கீது. பாதி பேனர் வந்துட்ச்சி. மாப்ள மூஞ்சி மட்டும் நம்ம கட்டில் சைஸு.

— கேட்டியா பிரிட்டோ? சிரிச்சிப் பேசுறான் பாரு.

— மச்சான், நான்தான். கதவு தொறந்து கீதா?

— இல்ல மாமா. சாத்திக்கச் சொல்லிட்டு சார் கிளம்பிட்டாரு. கடைல நான் மட்டும்தான்.

— மிசின் கழுவுற தண்ணி இருக்கே, அந்த வெள்ள கேன தொட்டியா?

— ஆங், அத ஏன் கேக்குற. கால் தட்டி கவுந்துட்ச்சி. பாதிக்கு மேல கீழ ஊத்திக்கிச்சி. துணி போட்டுத் தொடச்சேன். தொடச்சி, துணிய... தொடச்சேன் மாமா. அக்கா, சாப்டியா?

— கேட்டியேடா. இனிமேதான்னு சொன்னேனே.

— ஆங். மாப்ள மூஞ்சி நம்ம கட்டில் சைஸுக்கா. ரெண்டு மாப்ள கீறான்.

— ஏண்டா சிரிக்கிற?

— நான் எங்க சிரிக்கிறேன்?

— பிரிட்டோ... போன வாரம் நீயும் இப்பிடித்தான் பேசுன. நான் உன்ன செருப்பால அடிக்க வந்தேன்.

— மச்சான், எழுந்திரு. கதவத் தொறந்து ரோட்டுக்குப் போ. பேனர வுடு. போ!

— போறேன் மாமா. கால் மரத்துக்கிச்சி. இப்பிடியே துணி மேல கொஞ்சம் சாஞ்சிக்கினு போறேன்.

— சாயாத! மேரி, நீ போன வெக்காத, பேசிக்கினே இரு. என் போன்ல எங்க கடைக்கு எதுத்தாப்ல டீக்கட கனகவல்லி அக்காவுக்கு அடிக்கிறேன். ரிங் போவுது... எடுக்க மாட்டேங்குதே. வண்டி சாவி எங்க?

— உனக்கு வழி தெரியாதுயா! நான் பின்னாடி உக்காந்து சொல்றேன், நீ ஓட்டு. ஆபேலு! டேய், அக்கா பேசறேன்டா. தூங்காதடா. நீ குடிக்கல, யாரும் குடிக்கல, எனக்குத் தெரியும்டா. எதனா பேசு. ஆபேலு!

— அலோ... யாரு? அக்காவா? எப்பக்கா போன் பண்ண?