ஐந்தாம் இருக்கை

காப்பி நன்றாகவே இருக்கிறது. ரீனோ போலீஸ் நிலையத்துக் காப்பி சூதாட்ட விடுதிக் காப்பியைவிட மேல் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். இந்தக் காகிதக் கோப்பையை நான் நசுக்கிக்கொண்டே இருப்பதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எச்செவெரி அம்மா. முப்பது வருஷமாகச் சூதாட்ட மேஜையில் பணத்துக்குப் பதிலாக வைக்கும் சில்லுகளைப் புரட்டிப் பழகிய விரல்கள். சும்மா இரு என்றால் கேட்பதில்லை.

பாஸ்கமைப் பற்றித்தானே கேட்டீர்கள். எனக்கும் அவனுக்கும் பகை எதுவும் கிடையாது, அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பத்தொன்பது வருஷம் ஒரே காரில் போனோம், ஒரே அறையில் தங்கினோம். நெவாடாவில் எந்த ஊரில் போக்கர் போட்டி நடந்தாலும் நாங்கள் இரண்டு பேரும் அங்கே இருப்போம். அவன் மனைவி வெர்னா கிறிஸ்துமஸுக்கு எனக்குப் பின்னல் சட்டை அனுப்புவாள். அளவு எப்போதும் கொஞ்சம் பெரிதாக இருக்கும், ஆனாலும் போட்டுக்கொள்வேன்.

நீங்கள் ஆடுவதில்லை என்றீர்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். போட்டியில் எல்லோருக்கும் ஒரே அளவு சில்லு கொடுத்து உட்கார வைப்பார்கள். சில்லு தீர்ந்தால் வெளியே. சும்மா உட்கார்ந்து காலம் தள்ளவும் முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு சுற்றிலும் கட்டாயமாகக் கொஞ்சம் வைக்க வேண்டும், அந்தத் தொகையும் நாற்பது நிமிஷத்துக்கு ஒரு தரம் ஏறும். ஆகவே ஏதாவது ஒரு சமயத்தில் இருப்பதையெல்லாம் நடுவில் தள்ளத்தான் வேண்டும். எப்போது தள்ளுவது என்பதுதான் முழு ஆட்டமும்.

நான் நல்ல சீட்டுக்காகக் காத்திருப்பவன். இரண்டு ஆஸ், இரண்டு ராஜா, மிஞ்சிப்போனால் இரண்டு ராணி. அதுவரை சீட்டைக் கவிழ்த்து அந்தச் சுற்றிலிருந்து விலகிக்கொண்டே இருப்பேன். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், சில நாள் சாயங்காலம் வரைக்கும். பார்ப்பவர்கள் என்னைப் பொறுமைசாலி என்பார்கள். பொறுமையா? மேஜைக்கு அடியில் என் முழங்கால் தையல் மெஷின் மாதிரி ஆடிக்கொண்டிருக்கும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. நல்ல சீட்டுக்கு மட்டுமே ஆடுகிறவன் என்று தெரிந்துவிட்டால், நீங்கள் தள்ளும்போது எல்லோரும் கவிழ்த்துவிடுவார்கள். இரண்டு மணி நேரம் காத்துக் கிடைத்த ஆஸ் ஜோடிக்குக் கட்டாயப் பந்தயம் மட்டும்தான் மிஞ்சும், சில்லறை. பாஸ்கம் இதை வேண்டுமென்றே எல்லா மேஜையிலும் ஊதிவிடுவான். என்னைப் 'பாறை' என்றுதான் கூப்பிடுவான். நான் சில்லில் கை வைத்தால் போதும்.

"பாறை அசையுதுடா. மரியாதையா எல்லாரும் சீட்டக் கவுத்துருங்க. பூமி அதிரப் போகுது," என்பான். மேஜையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். வேறு என்ன செய்ய?

அவன் ஆட்டம் வேறு. கையில் என்ன சீட்டு என்று சில சமயம் அவன் பார்ப்பதே இல்லை என்று நினைக்கிறேன். எதிரில் இருப்பவன் முகத்தைப் பார்ப்பான். ஆறு வருஷத்துக்கு முன்பு எல்கோ ஊரில் நடந்த போட்டியில் என்னைப் பார்த்தான். இன்னும் ஒருவர் வெளியேறினால் மீதிப் பேர் எல்லோருக்கும் பரிசு என்கிற கட்டம். எனக்கு இரண்டு ராஜா. அவன் மொத்தத்தையும் தள்ளிவிட்டு, பாக்கெட்டிலிருந்து பல்குச்சியை எடுத்துக் குத்திக்கொண்டிருந்தான். பத்து நிமிஷம் யோசித்தேன். இவ்வளவு தைரியமாகத் தள்ளுகிறான் என்றால் ஆஸ் ஜோடியாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்து ராஜாக்களைக் கவிழ்த்தேன். அவன் தன் சீட்டைத் திருப்பிக் காட்டினான். இஸ்பேட் ஏழு, ஹார்ட்டின் இரண்டு. இந்த ஆட்டத்தில் அதைவிட மட்டமான கை கிடையாது.

அவன் தன் சீட்டை ஆடவில்லை, என் பயத்தை ஆடினான். அந்தக் கதையைப் பிறகு அவன் எத்தனை இடத்தில் சொன்னான் என்று எனக்குக் கணக்கில்லை. வெர்னாவின் பிறந்தநாளில்கூடச் சொன்னான். நான் சாப்பாட்டுத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

சரி, போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். இரண்டு நாள் போட்டி. முந்நூற்றுச் சொச்சம் பேர், நாற்பத்தைந்து பேருக்குப் பரிசு. சனிக்கிழமை ஆட்டம் முடிந்தபோது எழுபது பேர் மிச்சம். என் சில்லு ஒன்பதாவது இடத்தில் இருந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு சில்லோடு நான் இரண்டாம் நாளைப் பார்த்ததில்லை. எனக்கு அறுபத்து மூன்று வயது, ஒரு போட்டியிலாவது முதலாவதாக வந்ததில்லை. அதை மட்டும்தான் கேட்டேன், வேறெதுவும் பெரிதாகக் கேட்கவில்லை. பாஸ்கம் மூன்றாவது இடத்தில் இருந்தான்.

இரண்டாம் நாளுக்கு இருக்கைகளைக் குலுக்கிப் போடுவார்கள். ஞாயிறு காலை பட்டியலைப் பார்த்தேன். எனக்கு நான்காம் இருக்கை, பாஸ்கமுக்கு ஐந்தாவது. அதாவது எனக்கு இடப்பக்கம். இடப்பக்கம் இருப்பவன் பெரும்பாலும் உங்களுக்குப் பிறகு பேசுவான். நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பார்த்துவிட்டுத் தன் முடிவை எடுப்பான். பாஸ்கம் அந்த இடத்தில் உட்கார்ந்தால் நாள் முழுக்க என் கழுத்தில் உட்கார்ந்த மாதிரி. அதே இருக்கை காலியாக இருந்தால் கதையே வேறு. வராதவனின் சில்லை யாரும் எடுத்து வைத்துவிட மாட்டார்கள், அது எங்கள் வழக்கம். அவனுக்கும் சீட்டுப் போடுவார்கள், உடனே அதைப் பொறுக்கிக்கொள்வார்கள், அவன் குவியலிலிருந்து கட்டாயப் பந்தயத்தை மட்டும் சுற்றுக்குச் சுற்று எடுத்து நடுவில் வைப்பார்கள். காவலுக்கு ஆள் இல்லாத தோட்டம். வலப்பக்கத்து ஆள்தான் முதலில் பறிப்பான்.

பாஸ்கமுக்குச் சர்க்கரை வியாதி. காலை பத்து மணிக்குப் படுக்கையிலேயே தனக்குத்தானே இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு மறுபடி கண்ணை மூடுவான். நான் கீழே போய்ப் பான்கேக்கும் பழச்சாறும் வாங்கி வந்து அவனை உதைத்து எழுப்புவேன். பத்தொன்பது வருஷமாக அப்படித்தான். ஊசி போட்ட பிறகு சாப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கு வெர்னாவைவிட நன்றாகத் தெரியும்.

அன்றைக்கும் ஊசியைப் போட்டுக்கொண்டு, "சிரப்பு நிறைய ஊத்தச் சொல்லு, பாறை. இன்னிக்கு உன்னப் பக்கத்துல வச்சு மெல்லணும், தெம்பு வேணும்," என்றான். சிரித்துக்கொண்டே தூங்கிப்போனான்.

நான் கீழே போனேன். வரிசையில் நின்று வாங்கினேன், ரசீது உங்களிடம் இருக்கிறது. டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். மின்தூக்கி வரைக்கும் போனேன், கதவு திறந்தது, மூடியது. அப்புறம் நேராகப் போய் நான்காம் இருக்கையில் உட்கார்ந்து டப்பாவைக் காலடியில் வைத்துக்கொண்டேன். நான் எதுவும் செய்யவில்லை, அம்மா. செய்ய வேண்டிய ஒன்றைச் செய்யவில்லை, அவ்வளவுதான். சீட்டைக் கவிழ்ப்பதும் ஒரு முடிவுதான் என்பார்கள் எங்கள் ஆட்கள்.

பன்னிரண்டு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. பன்னிரண்டு ஐந்துக்கு என் தொலைபேசி அதிர்ந்தது. அவன்தான். கையில் சீட்டு இருக்கும்போது பேசக் கூடாது, பேசினால் அந்தக் கை செல்லாது. விதி அது. மறுபடி பன்னிரண்டு பத்துக்கு, பன்னிரண்டு பதினேழுக்கு. சர்க்கரை இறங்கினால் மூளை மங்கிவிடும், தட்டுத்தடுமாறிப் பழகின எண்ணைத்தான் கை தேடும். அவனுக்குப் பழகின எண் என்னுடையது. அப்புறம் அதிரவில்லை.

மேற்பார்வையாளர் டில்மன் வந்து காலி இருக்கையைப் பார்த்துவிட்டு, "உன் ஜோடி எங்கப்பா?" என்று கேட்டார்.

"தூங்கறான். எழுப்பினா கடிப்பான். அவனா வருவான் விடுங்க," என்றேன்.

அதற்குப் பிறகு நான் ஆடிய ஆட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவன் கட்டாயப் பந்தயத்தை ஒவ்வொரு சுற்றிலும் தொட்டுத் தொட்டு எடுத்தேன். சாதாரணச் சீட்டுக்கெல்லாம் தைரியமாகத் தள்ளினேன். ஒன்று நாற்பதுக்கு நாற்பத்தாறு பேர் மிச்சம். இன்னும் ஒரே ஒருவர் வெளியேற வேண்டும். எனக்கு வந்த சீட்டின் முனையைத் தூக்கினேன். இஸ்பேட் ராஜா, கிளாவர் ராஜா.

எல்கோ ஞாபகம் வந்தது. வராமல் இருக்குமா? இந்தத் தடவை யோசிக்கவில்லை. மொத்தத்தையும் தள்ளினேன். எதிரே ஃபாலனிலிருந்து வந்த ஒரு பல் டாக்டர் அம்மாள், என்னைவிடக் கொஞ்சம் கூடச் சில்லு வைத்திருந்தவள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, 'சரி' என்று எதிர்த்து வைத்துவிட்டாள். அவளிடம் ஓர் ஆஸும் ஒரு ஜாக்கியும். பத்தில் ஏழு தரம் நான்தான் ஜெயிக்க வேண்டும். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு விரிப்பார்கள், அதில் கடைசியாக ஆஸ் விழுந்து அவளுக்கு ஜோடி சேர்ந்தது. பாஸ்கம் பக்கத்தில் இருந்திருந்தால் பாறை அசையுது என்று வழக்கம்போல் ஊதியிருப்பான், அவளும் கவிழ்த்திருப்பாள். அதை அப்போதே நினைத்தேன்.

கூடம் முழுக்கக் கைதட்டியது. நான் வெளியேறியதால் மீதி எல்லோருக்கும் பரிசு உறுதியாகிவிட்டதே, அந்தச் சந்தோஷம். நாற்பத்தைந்து பேருக்கும். ஐந்தாம் இருக்கைக்கும்.

சில விஷயங்களைத் திருத்த வேண்டும். காலையில் பட்டியலைப் பார்த்ததாகச் சொன்னேன். சனிக்கிழமை ஆட்டம் முடிந்தவுடனேயே கூடத்து வாசலில் ஒட்டியிருந்தார்கள், அப்போதே பார்த்துவிட்டேன். அவன் தலைமாட்டில் அவசரத்துக்கு ஒரு தேன் குப்பியும் மிட்டாய்ப் பொட்டலமும் இருக்கும். அவற்றை ஞாயிறு காலை அவன் குளியலறைக்குப் போயிருந்தபோது எடுத்து என் கோட்டுக்குள் போட்டுக்கொண்டேன். 'தொந்தரவு செய்யாதீர்கள்' அட்டையைக் கதவில் மாட்டியதும் நான்தான். அறை சுத்தம் செய்கிற பெண்ணைத் திட்டாதீர்கள், அவள் அட்டையைப் பார்த்துத்தான் திரும்பிப் போயிருக்கிறாள். இப்படி எல்லாவற்றையும் ஒரே கையில் வைத்து நான் அதற்கு முன் தள்ளியதே இல்லை. வெர்னா நேற்று அழைத்தாள், கடைசியாக அவன் என்ன சொன்னான் என்று கேட்டாள். சிரப்பு கேட்டான் என்று சொன்னேன். அவள் அழுதது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

இனி நீங்கள் இரண்டு தரம் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மூன்று மணி வரைக்கும் அவனைக் காப்பாற்றியிருக்கலாம் என்று உங்கள் டாக்டர் சொல்கிறார். ஒன்று நாற்பதுக்கே நான் தோற்றுவிட்டேன். இருக்கையால் எனக்கு இனி எந்த லாபமும் இல்லை. தேன் என் கோட்டுக்குள் இருந்தது, அறை இரண்டு மாடி மேலே. ஏன் போகவில்லை?

போகத்தான் எழுந்தேன். மேஜைகளைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே வந்து திரும்பிப் பார்த்தேன். அவன் குவியல் அப்படியே இருந்தது. பாதிக்கு மேல் கரைந்தும்கூட நிறைய இருந்தது. டில்மன் என்னருகில் வந்து, "நீதான் சும்மா நிக்கிறியே, போய் அவனக் கூட்டியாயேன். இன்னும் ஜெயிக்கற அளவுக்குச் சில்லு வச்சிருக்கான்," என்றார்.

உண்மை. நான் மேலே போயிருந்தால் அவன் தேனைக் குடித்து, மருத்துவ வண்டி வேண்டாம் என்று சண்டை போட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ஐந்தாம் இருக்கையில் உட்கார்ந்திருப்பான். அந்த மிச்சத்தை வைத்தே முதலாவதாக வந்திருப்பான். எப்படி வந்தான் என்பதை இன்னும் இருபது வருஷம் எல்லா மேஜையிலும் சொல்லியிருப்பான்.

வாசல் வரை போய்த் திரும்பி வந்து, போய்ப் பார்த்துவிட்டேன், வர மாட்டேன் என்கிறான் என்று டில்மனிடம் சொன்னேன். அங்கேயே நின்றேன். சுற்றுக்குச் சுற்று அவன் குவியலிலிருந்து எடுத்தார்கள். மூன்று இருபதுக்குக் கடைசிச் சில்லும் போய், பலகையில் அவன் பெயரை அழித்தார்கள். முப்பத்தோராம் இடம். அதைப் பார்த்த பிறகுதான் மேலே போனேன்.