சீல் பிரிக்காத டின்

அக்கா: ...அதெல்லாம் இருக்கட்டும். மதியம் சாப்பிட்டியா?

தங்கை: அக்கா, நான் இப்ப உன் தங்கச்சியா வரல. உணவு அதிகாரியா வந்திருக்கேன். உன் பஜ்ஜிக் கடை மேல புகார்.

அக்கா: அதிகாரிக்கு வயிறு கிடையாதா... யாருடி போட்டுக் கொடுத்தது?

தங்கை: யாரோ ஒரு அம்மா, ஆபீசுக்குப் போன் பண்ணி எண்ணெய் சரியில்லைன்னாங்க. நான்தான் போனை எடுத்தேன், பேர் சொல்லல. அதை விடு, எண்ணெய் சோதிக்கிற இந்தப் பெட்டியைப் பாரேன். இன்னைக்குத்தான் கைக்கு வந்துச்சு. முதல் போணி உன் கடைதான்.

அக்கா: மூக்குப்பொடி டப்பா மாதிரி இருக்கு.

தங்கை: கிண்டல் பண்ணு. முன்னாடி லேபுக்கு அனுப்பினா முடிவு வர ரெண்டு வாரம். அதுக்குள்ள டின்னையே மாத்திடுவாங்க. இப்ப அஞ்சே நிமிஷம், நின்ன இடத்துலயே... ஆமா, அடுப்பு ஏன் ஜில்லுன்னு கிடக்கு?

அக்கா: கேஸ் தீர்ந்துடுச்சு.

தங்கை: பின்னாடி ரெண்டு சிலிண்டர் நிக்குதே.

அக்கா: ...வந்த வேலையைப் பாரு. இந்தா, எண்ணெய்.

தங்கை: ரெண்டு சொட்டு... இந்த மருந்துல குலுக்கி... காகிதப் பட்டையில விட்டாச்சு. ரெண்டு கோடு வந்தா நல்லது. ஒரே கோடுன்னா எண்ணெய்ல மிளகாய்க் காரம் இருக்கு.

அக்கா: எண்ணெய்ல ஏதுடி காரம்?

தங்கை: அதான் விஷயமே. ஊரெல்லாம் பொரிச்சுக் கொட்டினதை வாங்கி, வெளுத்து, புதுசுன்னு அடைச்சு விக்கிறாங்க. நிறம் போயிடும், நாத்தம் போயிடும். காரம் மட்டும் லேசுல போகாது... பேச்சுலயே நேரம் ஆச்சு. அக்கா, ஒரே கோடு.

அக்கா: அப்ப மாட்டிக்கிச்சா?

தங்கை: இரு... எந்தக் கரண்டியில மொண்டே?

அக்கா: இதோ, இந்த... ஐயோ. மிளகாய்த்தூள் அள்ளின கரண்டி.

தங்கை: போச்சு. நல்ல எண்ணெயா இருந்தாலும் இப்படித்தான் காட்டும்.

அக்கா: அப்ப சீல் பிரிக்காத டின் இருக்கு, திற. உன் கையாலயே திற. நான் கிட்டயே வரல.

தங்கை: எந்தக் கடைக்காரரும் இவ்வளவு ஆசையா டின்னைத் தூக்கிக் கொடுத்ததில்லக்கா.

அக்கா: வாயை மூடிட்டு டின்னைத் திறடி. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைங்க வந்து நிக்கும். மூணு நாளா இல்ல இல்லன்னு திருப்பி அனுப்பறேன்.

தங்கை: கேஸ் மூணு நாளாவா இல்ல?

அக்கா: ...கோட்டைப் பாரு.

தங்கை: புதுப் பட்டை, புதுக் குழாய்... முதல் கோடு வந்துடுச்சு.

அக்கா: ரெண்டாவது?

தங்கை: இன்னும் நேரம் இருக்கு. மேல மூச்சு விடாதே.

அக்கா: வருதா?

தங்கை: ...வரல. அக்கா, வரவே இல்ல. பிடிச்சாச்சு. உன் சட்டியையே பார்க்காத எண்ணெய்ல காரம். யார் கொடுத்த டின் இது?

அக்கா: ...உன் மாமாவோட அண்ணன்.

தங்கை: மாமாவுக்குத் தெரியுமா?

அக்கா: நுரை கட்டுதுன்னு ரெண்டு தடவை சொன்னேன். எங்க அண்ணனையா சந்தேகப்படறேன்னு ராத்திரி சாப்பிடாம படுத்துட்டார்.

தங்கை: அந்த அண்ணனோட கிடங்குக்கு இப்பவே வண்டி கிளம்புது. ஆனா... உன் கடை பேரையும் எழுதணும்க்கா. டின்னெல்லாம் எடுத்துட்டுப் போயிடுவோம்.

அக்கா: எழுது. ஒண்ணு விடாம எடு. ...மாமா கேட்டா, யார் புகார் கொடுத்தான்னு சொல்லுவே?

தங்கை: பேர் தெரியாத அம்மான்னுதான் சொல்லுவேன், பயப்படாதே. ஆனா அடுத்த தடவை மூக்கைப் பொத்திக்கிட்டுப் போன் பண்ணினா, புகாரைச் சொன்னதும் வெச்சிடு. ‘மதியம் சாப்பிட்டியா’ன்னு கேட்டுட்டு நிக்காதே.