படியில் விழுந்தால் சாவானா?

நான் எழுதும் அந்த டிவி தொடரை நீங்கள் பார்த்ததில்லை என்கிறீர்கள், சார். பரவாயில்லை. எந்த வாரம் உட்கார்ந்து பார்த்தாலும் கதை புரிந்துவிடும். அதுதான் அதன் பெரிய பலம். கதாநாயகியின் கணவன் காலையில் மாடிப்படியில் வழுக்கி விழுந்து சாகிறான். அவள் அலறிக்கொண்டு கண் விழித்தால் மறுபடியும் அதே காலை. படியில் எண்ணெய் தடவியது யார் என்று கண்டுபிடிக்கும்வரை அந்த நாள் நகராது. ஒரே வீடு, ஒரே புடவை. செலவில்லாத கதை என்று தயாரிப்பாளருக்கு என்மேல் தனிப் பிரியம்.

பலவீனத்தைக் கண்டுபிடித்தவர் என் மச்சான். மனைவியின் அண்ணன், எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார். வீடு கட்டிக் கொடுப்பது தொழில். வாராவாரம் இறங்கி வந்து, என் சோபாவில் சாய்ந்துகொண்டே என் கதையைப் பிய்த்து எறிவார்.

"மாப்பிள்ளை, நான் கட்டாத படியா? விழுந்தா இடுப்பு பிடிச்சுக்கும். உயிரெல்லாம் போகாது."

"கதைதானே, மச்சான்."

"கதைன்னா காதுல பூ சுத்தலாமா?"

என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

அதோடு விட்டாரா? தயாரிப்பாளர் வீட்டுக்கு வந்தபோது அவரிடமும் சொன்னார். அவர் முகம் மாறிவிட்டது. "நம்புற மாதிரி எழுதுங்க. இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எழுதுகிறவன் வாதாடக் கூடாது, சார். சோதித்துப் பார்க்க வேண்டும். மறுநாள் காலை எங்கள் வீட்டு மாடிப்படியில், நடுப்படியில் கொஞ்சம் எண்ணெய் தடவினேன். மச்சான் விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு. "பாத்தியா மாப்பிள்ளை, முழுசா இருக்கேன்" என்று சிரித்தார். நான்தான் மருந்து போட்டேன். படியையும் துடைத்து வைத்தேன்.

அடுத்த நாள் இன்னும் சற்று மேலே தடவினேன். கணுக்கால் பிசகியது.

"எந்த மடையன் இந்தப் படியைக் கட்டினான்?"

"நீதாண்ணா" என்றாள் என் மனைவி. மூவரும் சிரித்தோம்.

அதற்கடுத்த நாள் உச்சிப் படி. அன்று அவர் எதுவும் சொல்லவில்லை.

ஆக, படியில் விழுந்தாலும் சாவு வரும். ஆனால் மச்சான் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. என் கதையில் அவன் முதல் தடவையே செத்துவிடுகிறான், அது பிழைதான். திருத்தி எழுதி அனுப்பிவிட்டேன். நல்ல விமர்சனத்தை நான் எப்போதும் மதிப்பவன்.

என் மனைவிகூட இப்போது அந்தக் காட்சியைப் பார்த்துச் சிரிப்பதில்லை, சார்.