பச்சை காயும் வரை

கணவன்: இன்னும் எவ்வளவு நேரம் மண்டி போடணும்? நேத்து வலிச்ச முட்டியே இன்னும் ஆறல.

மனைவி: வரைஞ்சு முடிக்கற வரை அசையாதீங்க. படத்துல இருக்கற தேவதூதர் முனக மாட்டார்.

கணவன்: அவருக்கென்ன, கையில லில்லிப் பூ. எனக்கு ஒட்டடைக் குச்சி!

மனைவி: நான் பார்த்து வரையற புத்தகத்துல அச்சு மங்கி அந்தக் கை சரியாத் தெரியல. அதான் உங்களை... விரலைத் தளர்த்துங்க. சேதி சொல்ல வந்த கை அது. அடிக்க வந்த மாதிரி இருக்கு.

கணவன்: என்ன சேதியாம்?

மனைவி: தெரியாத மாதிரி கேக்கறீங்க! மாதாகிட்ட, உனக்குக் குழந்தை பிறக்கப் போகுதுன்னு சொல்ல வர்றார்.

கணவன்: ம்... அந்தம்மா முகம் ஏன் இப்படிப் பச்சையா இருக்கு? பஸ்ல ஜன்னல் சீட் கிடைக்காம வாந்தி வர்றவங்க மாதிரி.

மனைவி: சிரிக்காதீங்க, கை ஆடுது. அது அடிப்பூச்சு. அந்தக் காலத்துல தோலுக்கு முதல்ல பச்சைதான் பூசுவாங்க. மேல ரோஸை மெல்லிசா வெச்சா, உள்ள ரத்தம் ஓடற மாதிரியே இருக்கும். வெறும் ரோஸ் வெச்சா பொம்மை முகம்தான்.

கணவன்: அப்ப வையேன், ரோஸை.

மனைவி: காயலையே! ஈரத்துல வெச்சா ரெண்டும் கலந்து சேறாயிடும். போன படம் அப்படித்தானே கெட்டுது. அவசரப்பட்டு...

கணவன்: அவசரம் எனக்குத்தான் ஜாஸ்தி. ரெண்டு தடவையும் தொட்டில் வாங்கி, ஊரெல்லாம் சொல்லி... அப்புறம் கேட்டவங்களுக்கெல்லாம் இல்லைன்னு பதில் சொன்னவ நீ.

மனைவி: ...குச்சியை நேராப் பிடிங்க.

கணவன்: சரி. டர்பன்டைன் கலந்தா அடிப்பூச்சு சீக்கிரம் காயும்னு நீதானே சொன்ன? இப்ப அந்த வாடையையே காணோம்.

மனைவி: அது... எண்ணெய் மட்டும் போதும்னு விட்டுட்டேன். பிரஷ்ஷைக்கூட எண்ணெயில அலசி சோப்புப் போட்டாப் போயிடுது. காய நாளாகும், அவ்வளவுதான். மெதுவாக் காயறதுல என்ன தப்பு?

கணவன்: ஒரு தப்பும் இல்ல. ஆனா படத்துல ஒண்ணு இருக்கு. புத்தகத்துல மாதாவோட கை அவங்க படிக்கற ஏட்டு மேல இருக்கு. நீ வயித்து மேல வெச்சிருக்க.

மனைவி: எங்க?... அய்யோ, ஆமா. கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாப் பார்த்துத்தானே வரைஞ்சேன்!

கணவன்: மத்ததெல்லாம் கட்டத்தைப் பார்த்து. கையை மட்டும் உன்னைப் பார்த்து. இப்பல்லாம் நீ நிக்கறதே அப்படித்தான்.

மனைவி: துடைச்சு மாத்திடறேன்.

கணவன்: வேண்டாம். அங்கேயே இருக்கட்டும்.

மனைவி: ...என்னங்க.

கணவன்: ம்.

மனைவி: இந்தத் தடவை கொஞ்ச நாள் போகட்டும்னுதான்... நேத்து டாக்டரம்மா குழந்தையோட துடிப்பைக் கேக்க வெச்சாங்க. குதிரை ஓடற மாதிரி இருந்துது. எல்லாம் நல்லா இருக்குன்னாங்க. இருந்தாலும் வாயைத் திறக்கப் பயமா... உங்களுக்கு எப்போ தெரியும்?

கணவன்: டர்பன்டைன் வாடை வயித்துப் புள்ளைக்கு ஆகாதுன்னு பாட்டிலை வீட்டை விட்டே வெளியேத்தினியே, அன்னைக்கே. தொட்டில் கடைப் பக்கம்கூடப் போகல, பயப்படாத. இன்னைக்காவது சொல்லுவ, இன்னைக்காவது சொல்லுவன்னு தினமும் வந்து மண்டி போட்டேன். சேதி கொண்டு வர்ற வேஷம் எனக்கு, சேதி பூரா உங்கிட்ட... குச்சியை இப்பவாவது கீழ வைக்கட்டுமா?