ரெண்டு சைஸ் பெரிய ரப்பர் உடுப்பு

சிங்கப்பூரில் தேக்காவிலிருந்து உட்லண்ட்ஸ் போகும் பஸ். பஸ்ஸில் ஏர்கான் வராத காலம், ஜன்னல் வழியே அனல்தான் வந்தது. முன் இருக்கையில் நடுவயதுக் கணவன் மனைவி. கணவர் மடியில் கறுப்பாய், தடிப்பாய் ஒரு ரப்பர் உடுப்பு. பார்க்கவே எனக்கு வேர்த்தது.

“உள்ள ஸ்வெட்டர் போட இடம் வேணும் லா. அதான் ரெண்டு சைஸ் பெருசா வாங்கினேன்,” என்றார் அவர்.

“கடலுக்குள்ள யாருங்க ஸ்வெட்டர் போடுவா?”

“மெல்போர்ன் கடல் ஐஸ் மாதிரி இருக்குன்னு உன் மகன்தானே போன்ல சொன்னான். படிக்கப் போன இடத்துல, பலகை மேல நின்னு அலையில விளையாடணுமாம்.”

“உடம்போட ஒட்டி இருந்தாத்தான் குளிராது, லூசா இருந்தா தண்ணி உள்ள பூந்துரும்னு கடைக்காரர் சொன்னாரே.”

“இருக்கிறதுலயே தடிப்பானது இதுதான். தையலும் கெட்டி, ரொம்ப நாள் உழைக்கும். ஸ்கூல் யூனிபார்மெல்லாம் பெருசாத்தானே வாங்கினோம்? வளந்து போட்டுக்கிட்டான்ல?”

“இன்னும் வளர்ற வயசாங்க அவனுக்கு? போயி எத்தனை வருஷமாச்சு.”

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“சரி, நாளைக்குப் போயி மாத்திட்டு வரேன். அவன் சைஸ் என்னன்னு சொல்லு.”

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எனக்கு எப்படிங்க தெரியும்? கடைசியா அனுப்பின போட்டோவுல தண்ணிக்கு மேல தலை மட்டும்தான் தெரியுது.”